கேஸ் போட்ட கண், எண்ணெய் வைத்த கண்: கடற்கரை ஊர்க்காரருக்கு என்ன சொல்லி அனுப்புவது?

மண்டபம்_கண்மையம் கேட்டது

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து ரெட்டினா (விழித்திரை, ஊர்ப்பேச்சில் ஜவ்வு) ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘பிபிவி, இஎல், சி3எஃப்8’ (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் விட்ரெக்டமி, உள்ளே சுடும் லேசர், நிரப்பும் கேஸ்) என்று சுருக்கெழுத்துதான் இருக்கிறது. வீட்டாருக்குப் புரிவது ‘ஜவ்வு பிரிஞ்சிருச்சு, உள்ள காத்து அடிச்சு விட்டிருக்காங்க’ என்பது வரைக்கும்தான். பொதுவான குறிப்புகளில் ‘கனமான பொருள் தூக்க வேண்டாம், தூசி படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று இருக்கும். நம் கடற்கரையில் கேட்கும் கேள்விகளே வேறு:

பாசி எடுக்கப் போகும் பெண்கள், சங்கு குளிக்கப் போகிறவர்கள் எப்போது மறுபடி தண்ணீரில் இறங்கலாம்? கண்ணுக்குள் வைக்கும் கேஸுக்கும் எண்ணெய்க்கும் ஒரே பதிலா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாவிலிருந்து லீவில் வந்து ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் ‘எப்ப ஃப்ளைட் ஏறலாம்’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

விசைப்படகுக்காரர்கள் ‘ஏப்ரல் 15-க்கு மேல தடைக்காலம் 61 நாள் சும்மாதான இருப்போம், அப்பப் பண்ணிக்கலாமா’ என்கிறார்கள். எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக்கூடாது?

கூடவே ஒன்று. 25 கேஜ், 27 கேஜ் (கருவியின் தடிமன், எண் கூடினால் மெல்லியது), 3டி, ரோபோ என்று பேப்பரில் வருகிறதே, அதில் நோயாளிக்கு உண்மையில் மாறியிருப்பது எது?

---

குழல்25

தடைக்காலக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், பார்வை போவது அதில்தான்.

ஜவ்வு விலகல் என்றால் எல்லாம் ஒரே அவசரம் இல்லை. ஜவ்வில் கிழிசல் விழுந்து அதன் வழியே நீர் உள்ளே புகுந்து பிரிந்துகொண்டு வருகிறது, ஆனால் நடுப்பகுதியான மேக்குலா இன்னும் ஒட்டியிருக்கிறது என்றால் அது இன்று, நாளை வேலை. அடையாளம் சொல்கிறேன்: பூச்சி பறப்பது போல, மின்னல் வெட்டுவது போல ஆரம்பித்து, ஓரத்திலிருந்து திரை இறங்கியிருக்கும். ஆனால் நேராகப் பார்த்தால் சார்ட்டில் எழுத்து படிப்பார். ‘நல்லாத்தான தெரியுது’ என்று இவர்தான் கடலுக்குப் போவார். அதிகம் இழக்கப்போகிறவரும் இவர்தான். மேக்குலா ஏற்கெனவே பிரிந்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் செய்ய வேண்டும். முதல் மூன்று நாளுக்குள் செய்தால் பார்வை இன்னும் நன்றாகத் திரும்புகிறது என்ற பக்கம்தான் சமீபத்திய ஆய்வுகள் சாய்கின்றன. தடைக்காலத்துக்குக் காத்திருக்கலாம் என்ற பேச்சே இவ்விரண்டிலும் கிடையாது.

மேக்குலாவின் மேல் படியும் மெல்லிய சவ்வு, வைத்த எண்ணெயை எடுப்பது, ஆபரேஷனுக்குப் பின் வரும் புரை ஆகியவற்றைத் திட்டமிட்டுச் செய்யலாம். மேக்குலாவில் ஓட்டை விழுந்ததை வாரக்கணக்கில் தள்ளலாம், மாதக்கணக்கில் தள்ளினால் ஓட்டை பெரிதாகும்.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். அந்த நாலு மணி நேரம் எப்படிப் படுத்துப் போகிறார் என்பதும் முக்கியம். ஆபரேஷனுக்கு முன்னால் ஜவ்வு பிரிந்த பக்கம் கீழே இருக்க வேண்டும், நீர் மேக்குலாப் பக்கம் பரவாமல் இருக்க. வலது கண்ணில் காதுப் பக்கம் பிரிந்திருந்தால் வலது பக்கம் சாய்ந்து படுக்கட்டும். மேல்பக்கம் பிரிந்திருந்தால் மல்லாந்து படுக்கட்டும். ஆபரேஷன் முடிந்து கேஸ் போட்ட பிறகு இது தலைகீழாகும்: கேஸ் மேலே மிதக்கும், ஆகவே கிழிசல் இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். முன்னால் சொன்னதை மனதில் வைத்துப் பின்னாலும் அதே பக்கம் படுப்பவர்கள் உண்டு. உங்கள் குறிப்பில் இரண்டையும் தனித்தனிப் படமாகப் போடுங்கள்.

அடுத்து, கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது. விட்ரெக்டமியில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூன்று சின்னத் துளை போடுவோம். கருவிழி ஓரத்திலிருந்து இயற்கை லென்ஸ் உள்ளவருக்கு 4 மில்லிமீட்டர், லென்ஸ் வைத்தவருக்கு 3.5 மில்லிமீட்டர் தள்ளி. ஒன்றில் உப்புநீர் உள்ளே போகும், ஒன்றில் விளக்கு, ஒன்றில் ஜெல்லை வெட்டி உறிஞ்சும் கட்டர். ஜெல்லை எடுத்து, ஜவ்வை ஒட்டவைத்து, கிழிசலைச் சுற்றி லேசர் சுட்ட பிறகு, அந்தத் தழும்பு இறுகும் வரை ஜவ்வை உள்ளிருந்து தாங்க ஏதாவது வேண்டும். சிமெண்ட் காயும் வரை சாரத்தைப் பிரிக்கக் கூடாது இல்லையா, அந்தக் கணக்குத்தான். சாரம் நாலு வகை:

காற்று: ஒரு வாரத்துக்குள் போய்விடும்.
எஸ்எஃப்6 கேஸ், 20 சதவீதம்: ஏறக்குறைய 2 வாரம்.
சி3எஃப்8, 14 சதவீதம்: 6 முதல் 8 வாரம்.
சிலிக்கான் எண்ணெய்: தானாகப் போகாது. இன்னொரு ஆபரேஷனில் எடுத்தால்தான் உண்டு, பொதுவாக 3 முதல் 6 மாதத்தில்.

நீங்கள் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானதற்கு இந்த நாலில் எது என்று தெரிந்தாலே பதில் வந்துவிடும். குறிப்பின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

பட்டை போடும் பழைய முறையையும் மறக்க வேண்டாம். கண்ணுக்கு வெளியே 2.5 மில்லிமீட்டர் அகல சிலிக்கான் பட்டையைச் சுற்றி, கிழிசலுக்கு நேரே சுவரை உள்ளே அழுத்தித் தைப்பது. ஜெல் இன்னும் விலகாத இளவயதுக்காரருக்கு, கீழ்ப்பக்கக் கிழிசலுக்கு இன்றும் இதுதான் முதல் தேர்வு என்பது என் கருத்து. கயிறு அறுந்து அடித்த கண், ஈயக்குண்டு பட்ட கண் ஆகியவற்றில் ஜவ்வு தன் விளிம்போடு உரிந்து வரும், பெரும்பாலும் கீழே காதுப்பக்கம். மெதுவாகத்தான் பரவும் என்பதால் மாதக்கணக்கில் தெரியாது. பட்டை போட்டால் அழகாக ஒட்டும், கேஸே தேவைப்படாமல் போகலாம். அடிபட்டவர் 6/6 படித்தாலும் மருந்து விட்டு ஓரம்வரை பார்க்காமல் அனுப்பாதீர்கள், சில வாரம் கழித்து இன்னொரு தடவையும் பாருங்கள்.

---

மயக்கவாயு

ஃப்ளைட், கடல், மலை மூன்றுக்கும் ஒரே கணக்கு. அதனால் ஒன்றாகவே சொல்கிறேன்.

கண்ணின் உட்குழி ஏறத்தாழ 4 மில்லி. அதில் 2 மில்லி கேஸ் இருக்கிறது என்று வையுங்கள். விமானத்தின் உள்ளே அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். அங்கே கேஸ் நாலில் ஒரு பங்குக்கு மேல் விரியும். அரை மில்லி கூடுதல். அவ்வளவுதானே என்று தோன்றும், ஆனால் கண்ணின் சுவர் பலூன் மாதிரி விரியாது. அழுத்தம் எகிறி, ஜவ்வுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் நிரந்தரமாகப் பார்வை போகலாம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், ஊட்டி 2,200-க்கு மேல். ஆக ‘ஃப்ளைட் வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் போதாது, ‘கொடைக்கானல், ஊட்டி, மூணாறும் வேண்டாம்’ என்று எழுத வேண்டும். மதுரையிலிருந்து ராமநாதபுரம் வருவது இறக்கம்தான். ரயிலும் பஸ்ஸும் பிரச்சினை இல்லை.

கடலில் நேர் எதிர். 3 மீட்டர் ஆழத்தில் 2 மில்லி கேஸ் ஒன்றரை மில்லியாகச் சுருங்கும், 10 மீட்டரில் பாதியாகும். கண் தளர்ந்து குழியும், உள்ளே ரத்தம் கசியலாம். மேலே வந்ததும் மறுபடி விரியும். பாசி எடுக்கிற ஆழம் ரெண்டு ஆள் உயரம்தானே என்று விட்டுவிடக்கூடாது. கேஸ் முழுதும் போகும் வரை முங்கவே கூடாது.

எண்ணெய் அப்படி இல்லை. திரவம் விரியாது, சுருங்காது. எண்ணெய் வைத்தவர் ஃப்ளைட் ஏற அழுத்தம் தடை இல்லை. வளைகுடாவுக்குக் கட்டாயம் திரும்ப வேண்டியவருக்குச் சில சமயம் கேஸுக்குப் பதில் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான். ஆனால் எண்ணெய் எடுக்க அவர் மறுபடி வர வேண்டும். டிக்கெட், லீவு எல்லாம் யோசித்து ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். முடிந்த பிறகு ‘பத்து நாள்ல விசா முடியுது’ என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை.

இதை விடப் பெரிய ஆபத்து ஒன்று, குறிப்பு எழுதுகிறவர்கள் விட்டுவிடுவது: நைட்ரஸ் ஆக்சைடு. கேஸ் உள்ள ஒருவர் வண்டியில் விழுந்து கை முறிந்து வேறு ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். நைட்ரஸ் ரத்தத்தில் கலந்து கண்ணுக்குள் இருக்கும் குமிழிக்குள் வேகமாகப் புகும், உள்ளே இருக்கும் கேஸ் அதே வேகத்தில் வெளியேறாது. குமிழி பல மடங்கு பெருகும். கேஸ் போட்டவர்கள் கையில் ஒரு பட்டை கட்டி அனுப்புவது இதற்குத்தான். குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். அதைக் கழற்றவே கூடாது, நனைந்தால் நனையட்டும். பிரசவ வலிக்குக் கொடுக்கும் வாயுவிலும் பாதி நைட்ரஸ்தான்.

---

நீலச்சாயம்

தியேட்டர் பக்கமிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். குழல்25 சார் சொன்ன ‘20 சதவீதம், 14 சதவீதம்’ எப்படி வருகிறது, எங்கே தவறுகிறது என்று தெரிந்தால், அன்று இரவு வரும் போனை எப்படி எடுத்துக்கொள்வது என்று புரியும்.

சிலிண்டரில் இருப்பது 100 சதவீத கேஸ். அதை அப்படியே நிரப்பினால் எஸ்எஃப்6 இரண்டு மடங்காகும், சி3எஃப்8 நாலு மடங்காகும். அதனால் காற்றோடு கலந்து, விரியாத அளவுக்குக் கொண்டுவந்து நிரப்புகிறோம். 50 மில்லி சிரிஞ்ச், நடுவில் 0.22 மைக்ரான் ஃபில்டர். முதலில் இழுக்கும் கேஸைத் தள்ளிவிட வேண்டும், அது குழாயில் நின்ற காற்றை விரட்ட. மறுபடி இழுத்து, எஸ்எஃப்6 என்றால் 10 மில்லியில் நிறுத்தி 40 மில்லி காற்று. சி3எஃப்8 என்றால் 7 மில்லி கேஸ், 43 மில்லி காற்று. தவறு எங்கே என்றால், ‘14 சதவீதம்’ என்று காதில் விழுந்ததும் 14 மில்லி இழுத்துவிடுவது. 50-க்கு அது 28 சதவீதம். அதனால்தான் சதவீதத்தைச் சொல்லாமல் ‘7-ம் 43-ம்’ என்று உரக்கச் சொல்லி, இன்னொருவர் கோட்டைப் பார்த்து ஒப்புக்கொள்வது நல்ல பழக்கம். கலந்ததும் உடனே பயன்படுத்த வேண்டும். வைத்திருந்தால் கேஸ் சிரிஞ்சிலிருந்து கசிந்து செறிவு குறையும், இரண்டு வாரம் நிற்க வேண்டியது முன்னாலேயே போய்விடும்.

கலவை சரியாக இருந்தாலும் முதல் இரவு அழுத்தம் ஏறலாம். கண் வலி, அதே பக்கம் தலைவலி, வாந்தி. இங்கே ஒரு வேடிக்கை இல்லாத வேடிக்கை உண்டு: ‘கேஸ் போட்டிருக்காங்க, வாந்தி வருது’ என்று போனில் சொன்னால், கேட்பவர் வயிற்று கேஸ் என்று நினைத்து அதற்கு மாத்திரை சொல்லிவிடுவார். குறிப்பில் ‘கண்ணில் கேஸ்’ என்று முழுதாக எழுதுங்கள். கண் அழுத்தம் குறைக்கும் டயமாக்ஸ் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடவும் சொல்லாதீர்கள். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவருக்கும் சல்ஃபா ஒவ்வாதவருக்கும் அது ஆகாது.

படுக்கை விஷயம். மேக்குலா ஓட்டைக்குக் குப்புற. மணிக்கு 50 நிமிடம் குனிந்திருந்து 10 நிமிடம் எழுந்து சாப்பிட, கழிப்பறை போக. எத்தனை நாள் என்பது ஓட்டையின் அளவைப் பொறுத்து, 3 முதல் 7 நாள். சின்ன ஓட்டைக்குக் குப்புறப் படுக்காமலேயே மூடுகிறது என்று இப்போது பல இடங்களில் தளர்த்திவிட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் பொதுவான ஒன்று: கேஸ் இருக்கும் வரை மல்லாந்து தூங்கக்கூடாது. கேஸ் முன்னால் வந்து லென்ஸில் ஒட்டினால் புரை இறங்கும், கண்மணியை அடைத்தால் அழுத்தம் ஏறும்.

குப்புற வேண்டியவர் பஸ்ஸில் வந்தால் முன் சீட்டுக் கம்பியில் துண்டைச் சுருட்டி வைத்து நெற்றியைச் சாய்க்கலாம், கண் கம்பியில் படாமல். ஆனால் மதுரை ராமேஸ்வரம் சாலையில் அரசுப் பேருந்து போடும் பிரேக்கை நினைத்தால், முதல் மூன்று நாளை மதுரையிலேயே கழித்துவிட்டு வருவது மேல். வீட்டில், இடுப்புயர மேசையில் தலையணை, நடுவில் முகம் நுழைய இடைவெளி, கீழே போனை வைத்துப் படம் பார்க்கலாம். நல்ல கண் இருக்கிறதே.

குளியல்: துளைகள் இப்போது பெரும்பாலும் தையல் இல்லாதவை. அழுக்குத் தண்ணீர் போக வழி இருக்கிறது என்று அர்த்தம். கழுத்துக்குக் கீழ் குளிக்கலாம், தலைக்கு ஊற்றுவது இரண்டு வாரம் கழித்து. கடல் முழுக்கு குறைந்தது ஒரு மாதம் கழித்து, டாக்டர் சொன்னால் மட்டும். கேஸ் இருந்தால் அது போகும் வரை கூடாது. ராமேஸ்வரம்காரர்கள் அக்னி தீர்த்தம் மட்டுமில்லை, 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில்தான் ஊற்றுவார்கள் என்பதைக் கணக்கில் எடுங்கள். வேண்டுதல் இருந்தால் தள்ளிப்போடட்டும்.

---

அளவுக்கண்ணாடி

கண் மையத்தில் இருக்கும் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்காக.

அழுத்தம் பார்ப்பது. கேஸ் உள்ள கண்ணில் ஷியாட்ஸ் கருவியை வைக்காதீர்கள். அது கண்ணை அமுக்கிப் பார்க்கும் கருவி, உள்ளே இருக்கும் கேஸ் அமுங்கிக் கொடுத்துவிடும், உண்மையை விடக் குறைவாகக் காட்டும். 18 என்று நம்பி அனுப்புவீர்கள், இருப்பது 35 ஆக இருக்கும். கருவிழியை லேசாகத் தட்டையாக்கிப் பார்க்கும் அப்ளனேஷன் கருவி இருந்தால் அதில் பாருங்கள். முதல் நாள், முதல் வாரம் பார்த்தாயிற்று என்று விட வேண்டாம்: ஸ்டீராய்டு சொட்டு 4 முதல் 6 வாரம் ஓடும், அதனால் ஏறும் அழுத்தம் இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும்.

கண்ணாடி. எண்ணெய் இருக்கும் கண்ணில் பவர் ஏறத்தாழ +5, +6 என்று மாறியிருக்கும், எண்ணெய் எடுத்ததும் அது போய்விடும். நடுவில் 1,500 ரூபாய்க்குக் கண்ணாடி எழுதிக்கொடுக்காதீர்கள், தற்காலிகம் என்று சொல்லி மலிவாக ஒன்று போதும். பட்டை போட்ட கண் நீளும், மைனஸ் 2, 3 கூடும். அது நிரந்தரம், ஆகவே இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள்.

புரை. 50 வயதைத் தாண்டியவரின் கண்ணில் விட்ரெக்டமி செய்தால் இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் புரை வரும். ‘ஆபரேஷன் கெட்டுப்போச்சு’ என்று வருவார்கள், கெடவில்லை. எண்ணெய் உள்ள கண்ணில் லென்ஸ் பவர் அளக்கும்போது கவனம்: சாதாரண கண்ணின் ஜெல்லில் ஒலி நொடிக்கு 1,532 மீட்டர் வேகத்தில் போகும், 1,000 சென்டிஸ்டோக் (பிசுபிசுப்பின் அளவு) எண்ணெயில் சுமார் 980. ஒலியால் நீளம் அளக்கும் ஏ-ஸ்கேனில் வேகத்தை மாற்றாமல் அளந்தால் கண் உள்ளதை விட ரொம்ப நீளமாகக் காட்டும், லென்ஸ் தப்பாகும். ஒளியால் அளக்கும் கருவியில் எண்ணெய்க் கண் என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

எண்ணெயை எடுக்க வராமல் வருடக்கணக்கில் விடுபவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்லிட் லாம்பில் கருவிழிக்குப் பின்னால் மேல்பக்கம் வெள்ளையாகப் படிந்து நிற்கும். சீழ் என்றால் கீழே தங்கும், எண்ணெய் நீரை விட லேசானது, மேலே போகும். அது எண்ணெய் உடைந்து நுரையாகிறது என்பதற்கு அடையாளம். வடிகாலை அடைத்து அழுத்தம் ஏறும், கருவிழியில் சுண்ணாம்புப் பட்டை விழும். வலி இல்லையே என்று இருப்பார்கள். எண்ணெய் எடுப்பது தனி ஆபரேஷன் என்பதால் காப்பீட்டு அட்டையில் அதற்குத் தனியாக அனுமதி வேண்டுமா என்று முதல் ஆபரேஷன் அன்றே கவுண்டரில் கேட்டுவரச் சொல்லுங்கள். பலர் வராமல் போவதற்குக் காரணம் பணம் எங்கிருந்து வரும் என்ற குழப்பம்தான்.

---

மண்டபம்_கண்மையம்

எல்லாருக்கும் நன்றி. முன்னும் பின்னும் படுக்கும் பக்கம் மாறுவது குறிப்பில் விட்டுப்போயிருந்தது, சேர்த்தாயிற்று. குழல்25 சார், புதிய முறைகள் பற்றியும் சர்க்கரைக் கண் பற்றியும் சொல்லவில்லையே? அப்புறம் ஊசி போட்டு கேஸ் மட்டும் ஏற்றி அனுப்புகிறார்களாமே, அது சரியான வைத்தியமா, அரைகுறையா?

---

குழல்25

அரைகுறை இல்லை. நியூமேட்டிக் ரெட்டினோபெக்ஸி, 1986-லிருந்து இருக்கிறது. தியேட்டர் இல்லாமலே 0.5 மில்லி சுத்த எஸ்எஃப்6 அல்லது 0.3 மில்லி சி3எஃப்8 ஊசியால் ஏற்றி, கிழிசலைக் குளிர் அல்லது லேசரால் ஒட்டி, தலையைச் சரியாக வைத்துக்கொள்ளச் சொல்வது. கிழிசல் கடிகாரத்தில் 8 மணிக்கும் 4 மணிக்கும் இடைப்பட்ட மேல்பகுதியில், பக்கம் பக்கமாக இருக்க வேண்டும். 2019-ல் வந்த பிவட் என்ற கனடா ஆய்வில், ஒரே முறையில் ஒட்டியது இதில் 81 சதவீதம், விட்ரெக்டமியில் 93. ஆனால் பார்வை இதில்தான் சற்று நன்றாக இருந்தது, கோணல் தெரிவதும் குறைவு. நம் ஊருக்கு அந்த 81-ஐ யோசிக்க வேண்டும். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வந்து காட்டக்கூடியவருக்கு இது நல்ல வைத்தியம். மூக்கையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கு நான் யோசிப்பேன்.

கருவி. 1970 வாக்கில் ராபர்ட் மேக்கெமர் ஆரம்பித்தபோது 17 கேஜ் அளவில் ஒரே குழாய். அப்புறம் 20 கேஜ், சுமார் 0.9 மில்லிமீட்டர், தையல் வேண்டும். 2002-ல் 25 கேஜ், 0.5 மில்லிமீட்டர். 2005-ல் 23. 2010-ல் 27, 0.4 மில்லிமீட்டர். தையல் இல்லை, கண் உறுத்தல் குறைவு, சீக்கிரம் தேறும். ஆனால் நோயாளிக்குத் தெரியாத மாற்றம்தான் பெரிது: கட்டரின் வேகம். முன்பு நிமிடத்துக்கு ஓரிரண்டு ஆயிரம் வெட்டு, இப்போது 10,000, இரட்டைப் பிளேடில் 20,000. ஒவ்வொரு கடியும் சின்னது என்பதால் ஜெல் ஜவ்வைப் பிடித்து இழுப்பதில்லை, ஆபரேஷன் நடக்கும்போதே புதிய கிழிசல் விழுவது குறைகிறது. ‘எந்த கேஜ்’ என்று கேட்டு ஆஸ்பத்திரி மாற்றுவது வீண்.

சர்க்கரைக் கண்ணில் 27 கேஜின் அருமை தெரியும். அங்கே ஜவ்வின் மேல் ரத்தக்குழாயும் நாரும் சேர்ந்து சவ்வாகப் படர்ந்து, ஆணி அடித்த மாதிரி இடைவிட்டு இடைவிட்டு ஒட்டியிருக்கும். முன்பு வளைந்த கத்தரியை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக வெட்டினோம். இப்போது கட்டரின் வாய் நுனிக்கு மிக அருகில் இருப்பதால் அதையே சவ்வுக்கும் ஜவ்வுக்கும் நடுவில் நுழைத்துச் சீவ முடிகிறது. மூன்று முதல் ஐந்து நாள் முன்னால் பெவாசிசுமாப் 1.25 மில்லிகிராம், 0.05 மில்லி ஊசி போட்டால் ரத்தக்குழாய் வற்றி, ஆபரேஷனில் ரத்தம் வருவது குறையும். இங்கேதான் தவறு நடக்கும்: ஊசியைப் போட்டுவிட்டு நோயாளி ‘சர்க்கரை குறையல, அடுத்த வாரம் வாங்க’ என்று திருப்பப்பட்டால், வற்றும் சவ்வு நாராக இறுகி ஜவ்வை இழுத்துப் பிரித்துவிடும். ஆகவே சர்க்கரை, இதயம், டயாலிசிஸ் நாள் எல்லாம் ஒழுங்கான பிறகே ஊசி. ஊசி போட்டால் தேதி மாறக் கூடாது. உங்கள் குறிப்பில் தடித்த எழுத்தில் போடுங்கள். ரத்தம் மட்டும் கசிந்து மறைத்திருந்தால் உட்கார்ந்தபடியே, தலையை உயர்த்தித் தூங்கினால் அது கீழே இறங்கி நடுப்பார்வை தெளியும். ஆனால் ஒலியால் உள்ளே படம் பிடிக்கும் பி-ஸ்கேனில் ஜவ்வு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் காத்திருக்கக் கூடாது.

மேக்குலா ஓட்டை. 1991-ல் கெல்லியும் வெண்டலும் காட்டும் வரை இதற்கு வைத்தியமே இல்லை என்றிருந்தது. ஜவ்வின் மேல் 2, 3 மைக்ரான் தடிப்புள்ள ஓர் உறை இருக்கிறது. கண்ணாடித்தாள் மாதிரி, கண்ணுக்கே தெரியாது. 0.025 சதவீத நீலச்சாயம் விட்டால் அந்த உறை மட்டும் வெளிர்நீலமாகும். நுனிக் குறடால் ஒரு ஓரம் கிள்ளி, ஓட்டையைச் சுற்றி வட்டமாக உரித்தால் விறைப்பு போய் ஓட்டை மூடும். 400 மைக்ரானுக்கு மேற்பட்ட பெரிய ஓட்டைக்கு அந்த உறையை முழுக்கப் பிய்க்காமல் விட்டு ஓட்டையின் மேல் மடித்துப் போடுவது 2010-லிருந்து வந்த உத்தி. தலைகீழ் மடிப்பு என்போம். முன்பு கைவிட்ட ஓட்டைகள் பல இதில் மூடுகின்றன. என்னைக் கேட்டால் கடந்த இருபது வருடத்தில் ரோபோவை விட இதுதான் பெரிய முன்னேற்றம், செலவே இல்லாதது.

ரோபோ 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் கண்ணுக்குள் போனது. கை நடுக்கத்தை எடுத்துவிடும், நேரம் கூடுதலாகும், அன்றாட வேலைக்கு இன்னும் வரவில்லை. 3டி திரை டாக்டரின் கழுத்துக்கு நல்லது, மாணவர்களுக்கு நல்லது, விளக்கு வெளிச்சத்தைக் குறைக்க முடிகிறது. நோயாளியின் முடிவு அதனால் மாறியதாக நான் சொல்ல மாட்டேன். ஆபரேஷனுக்கு நடுவிலேயே எடுக்கும் ஓசிடி (ஒளியால் ஜவ்வின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்), சவ்வு மிச்சம் இருக்கிறதா என்று காட்டுவதில் உதவும்.

இவ்வளவு வந்தும் பழைய எதிரி மாறவில்லை. ஜவ்வு ஒட்டி நாலு, ஆறு வாரத்தில் தழும்புச் சவ்வு வளர்ந்து மறுபடி இழுப்பது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு. அதைத் தடுக்கும் நம்பகமான மருந்து இன்னும் இல்லை. அந்தச் சவ்வு வளர்ந்தால் எண்ணெய், மறு ஆபரேஷன் என்று போகும். எவ்வளவு தாமதமாக வருகிறாரோ அவ்வளவு அதிகம் வரும்.

---

நீலச்சாயம்

தடைக்காலம் என்றதும் இன்னொன்று. அப்போது படகு மராமத்து நடக்கும். துரு தட்டும்போது, ஆணி மேல் ஆணி அடிக்கும்போது தெறிக்கும் இரும்புத்தூள் கண்ணுக்குள் போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலி கூடக் கொஞ்சம்தான். ‘சுத்தியல் அடிக்கும்போது’ என்று சொன்னாலே உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அல்லது சிடி எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ கூடவே கூடாது, காந்தம் தூளை நகர்த்திவிடும். தூண்டில் முள் குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள், மருந்து பூசாதீர்கள், பஞ்சு வைத்து அழுத்திக் கட்டாதீர்கள். காகித டம்ளரை வெட்டிக் கண்ணெலும்பின் மேல் படும்படி கவிழ்த்து ஒட்டி, வெறும் வயிற்றோடு அனுப்புங்கள்.

---

தொண்டி_வாசகர்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கணும். மாலைக்கண் வந்து சுருங்கிக்கொண்டே போகும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவுக்கு ஆபரேஷன் வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்?

---

குழல்25

தொண்டி அண்ணே, பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை ஒன்று உண்டு. ஜவ்வுக்கு அடியில் 0.3 மில்லி செலுத்துவது, அதற்கும் விட்ரெக்டமிதான் வழி. ஆனால் ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானவருக்கு மட்டும், அதுவும் ஜவ்வில் உயிருள்ள செல் மிச்சமிருந்தால். விலை இரண்டு கண்ணுக்கும் 8,50,000 டாலர். இந்த நோய்க்குக் காரணமாகும் மரபணுக்கள் பல டஜன் உண்டு, பெரும்பாலானவர்களுக்கு இது பொருந்தாது. சொந்தத்தில் கட்டிய குடும்பம் என்றால் மரபணுப் பரிசோதனை எடுப்பது பயனுள்ளது, எந்த மரபணு என்று தெரிந்தால் பிற்பாடு உதவும். பணம் வாங்கிக்கொண்டு போடும் ஸ்டெம் செல் ஊசியால் ஜவ்வே பிரிந்து இருந்த பார்வையும் போனவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. பரிசோதனை ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் கேட்க மாட்டார்கள். இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

மண்டபம்_கண்மையம்

குறிப்பில் கேஸ் பகுதியின் வரைவு இது, திருத்துங்கள்:

‘உங்கள் கண்ணில் கேஸ் வைத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் தானாகக் கரையும். அதுவரை விமானம், மலை, கடலில் முங்குவது கூடாது. கைப்பட்டையைக் கழற்றாதீர்கள். முதல் வாரம் பார்வை தெரியாது, பயப்பட வேண்டாம். வலி வந்தால் உடனே வரவும்.’

---

மயக்கவாயு

‘இரண்டு மாதம்’ என்று தேதி போடாதீர்கள். எஸ்எஃப்6 போட்டவர் வீணாகக் காத்திருப்பார், சி3எஃப்8 போட்டவருக்கு 60-வது நாளும் கொஞ்சம் மிச்சமிருந்தால் டிக்கெட்டைப் பார்த்து ஏறிவிடுவார். ‘டாக்டர் பார்த்து, கேஸ் முழுதும் போய்விட்டது என்று சொல்லும் வரை’ என்று எழுதுங்கள். ‘மல்லாந்து படுக்கக் கூடாது’ விட்டுப்போயிருக்கிறது.

---

அளவுக்கண்ணாடி

‘பார்வை தெரியாது, பயப்பட வேண்டாம்’ என்று மட்டும் விடுவதும் ஆபத்து. கிருமி தொற்றினாலும் பார்வை தெரியாதுதானே. ‘வலி கூடினால், சிவப்பு கூடினால், வெளிச்சமே தெரியாமல் போனால் அன்றே வரவும்’ என்று போடுங்கள்.

கேஸ் குறைவது எப்படித் தெரியும் என்பதையும் சேர்க்கலாம், கடற்கரைக்காரருக்கு எளிதாகப் புரியும். குமிழி கண்ணின் மேல்பக்கம் மிதந்தாலும் அவருக்குக் கீழ்ப்பக்கம்தான் தெரியும். முதலில் எல்லாம் மங்கல். பிறகு ஒரு நாள் மேலிருந்து வெளிச்சம் பிறந்து, குறுக்கே ஒரு கோடு, கரையில் நின்று பார்க்கும் கடல்கோடு மாதிரி, தலையை ஆட்டினால் அலம்பும். கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே மங்கல். நாளாக ஆகக் கோடு கீழே இறங்கும். கடைசியில் காலடியில் ஒரு கறுப்பு உருண்டை மட்டும் உருண்டுகொண்டிருக்கும், சில சமயம் இரண்டு, மூன்றாக உடையும். அது மறைந்த அன்று வந்து காட்டச் சொல்லுங்கள். கோடு கீழே இறங்குவதற்குப் பதில் ஓரத்திலிருந்து அசையாத நிழல் ஒன்று ஏறினால், அது கேஸ் இல்லை. அன்றைக்கே மதுரைக்கு அனுப்புங்கள்.